மண்ணில் ரெடாக்ஸ் அளப்பது: மீட்டரை நம்புமுன் செய்ய வேண்டியவை

மீட்டரின் இரண்டு முனைகளை மண்ணில் எங்கே செருகினாலும் அது ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். காட்டாமல் இருக்கவே இருக்காது. ரெடாக்ஸ் அளப்பதில் இருக்கும் வம்பே இதுதான். தெர்மாமீட்டர் கெட்டுப்போனால் மண்ணின் வெப்பம் 90 டிகிரி என்று காட்டும், நாம் சிரித்துவிட்டு வேறொன்றை எடுப்போம். பிளாட்டினம் எலக்ட்ரோடு கெட்டுப்போனால் +180 மில்லிவோல்ட் என்று சமர்த்தாகக் காட்டும். மண்ணில் நிஜமாகவே +180 இருக்கலாம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. நான் இதுவரை இருநூறுக்கும் மேற்பட்ட எலக்ட்ரோடுகளைக் கையால் செய்திருக்கிறேன். அவற்றில் எத்தனை பொய் சொல்லின என்பது தாமதமாகத்தான் தெரிந்தது. அந்தத் தாமதம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். (பாடப்புத்தகத்தில் மின்முனை, மின்வாய் என்றெல்லாம் இருக்கும். ஆய்வகத்தில் நாங்கள் எலக்ட்ரோடு என்றே சொல்வதால் இங்கேயும் அப்படியே.)

முதலில், எதை அளக்கிறோம்? மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கரிமப்பொருளைச் சிதைக்கும்போது எலக்ட்ரான்கள் வெளிப்படும். அவற்றை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். காற்று புகும்வரை ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும். மண்ணில் தண்ணீர் தேங்கிவிட்டால் கதை மாறும்: ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். இருந்தது தீர்ந்ததும் நைட்ரேட், அப்புறம் மாங்கனீசு, அப்புறம் இரும்பு, அதற்குப் பின் சல்பேட், கடைசியில் கார்பன் டை ஆக்சைடு என்று வரிசையாக ஆள் மாறும். இந்த வரிசையில் மண் எங்கே நிற்கிறது என்பதைத் தோராயமாகச் சொல்வதுதான் ரெடாக்ஸ் மின்னழுத்தம், சுருக்கமாக ஈஎச். பிஎச் 7 அருகே இருக்கும் மண்ணில் +400 மில்லிவோல்ட்டுக்கு மேல் என்றால் காற்றோட்டம் உண்டு. +250 வாக்கில் நைட்ரேட் குறையத் தொடங்கும், +100 வாக்கில் இரும்பு கரையத் தொடங்கும், −150 வாக்கில் சல்பேட் சல்பைடாகும், −200-க்குக் கீழே மீத்தேன் கிளம்பும். இவற்றைச் சுவர் வைத்த எல்லைகளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 50 மில்லிவோல்ட் இப்படியும் அப்படியும் போகும்.

"தோராயமாக" என்று சொன்னதற்குக் காரணம் பிளாட்டினம்தான். அதற்கு எல்லா வேதிப்பொருளும் ஒன்றல்ல. கரைந்த இரும்போடு நன்றாகப் பேசும். நைட்ரேட், சல்பேட், மீத்தேன் எல்லாம் பக்கத்திலேயே இருந்தாலும் கண்டுகொள்ளாது. ஆக்சிஜனிடமும் அப்படித்தான்: கணக்குப்படி பிஎச் 7-இல் +820 வர வேண்டும், நல்ல காற்றோட்டமுள்ள மண்ணில்கூட நான் அந்த எண்ணைப் பார்த்ததே இல்லை. அதனால் +550-க்கும் +620-க்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தைப் பார்த்து "இங்கே ஆக்சிஜன் அதிகம்" என்று எழுதாதீர்கள். ஈரமான, நீர் தேங்கிய மண்ணுக்கு இந்த முறை. உலர்ந்த மண்ணில் எலக்ட்ரோடைச் சுற்றித் தண்ணீர்ப் படலமே இருக்காது, அங்கே அளப்பது வீண்வேலை.

எலக்ட்ரோடு செய்வது

கடையில் வாங்கலாம். ஆனால் ஓர் ஆழத்துக்கு ஐந்து, மூன்று ஆழங்கள் என்றால் பதினைந்து வேண்டும், அதுவும் ஒரே ஓர் இடத்துக்கு. செய்யக் கற்றுக்கொள்வதே நல்லது.

1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாட்டினம் கம்பியை 18 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். 8 மில்லிமீட்டர் உள்ளே, 10 வெளியே. இணைப்புக்குத் தடித்த செம்புக் கம்பி. அதன் நுனியில் சிறு துளை போட்டு, பிளாட்டினத்தை நுழைத்து, இடுக்கியால் நசுக்கி இறுக்குவது என் வழக்கம். ஈயப் பற்று வைத்தும் பிடிக்கலாம். ஆனால் உருகிய ஈயம் பிளாட்டினத்தின் மேல் ஆசையாய் ஏறும், வெளியே நிற்க வேண்டிய பகுதிவரை ஓடிவிட்டால் அந்தத் துண்டு போனதுதான். இறுக்கியதும் மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். இந்த வேலையில் மல்டிமீட்டருக்கு இருக்கும் ஒரே பயன் இது, பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது எப்பாக்ஸி. எலக்ட்ரோடின் ஆயுள் முழுக்க இதில்தான் இருக்கிறது. செம்பும் இணைப்பும் ஒரு நூலளவும் வெளியே தெரியாமல் மூட வேண்டும். செம்புக் கம்பியை உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, பிளாஸ்டிக் குழாய்க்குள் நிறுத்தி, எப்பாக்ஸியைக் கீழிருந்து மேலாக மெல்ல நிரப்புங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும். பிளாட்டினம் வெளிவரும் இடத்தில் எப்பாக்ஸி ஒரு சிறு கூம்பாக நிற்கட்டும். 48 மணி நேரம் தொடாதீர்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நான் செய்த முதல் தொகுப்பில் ஒரு கூம்பில் மயிரிழை விரிசல். கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் வாரம் அந்த எலக்ட்ரோடு மற்றவற்றோடு ஒத்துப்போனது. அப்புறம் மண்நீர் விரிசல் வழியே செம்பைத் தொட்டிருக்கிறது. செம்பு அரிக்கத் தொடங்கினால் நாம் அளப்பது பிளாட்டினமும் செம்பும் சேர்ந்த கலப்பு மின்னழுத்தம். பக்கத்து எலக்ட்ரோடுகள் +500 காட்டும்போது இது +190-இல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அந்த அசையாமையைப் பார்த்து நான் மெச்சிக்கொண்டேன்! மழைக்கும் வெயிலுக்கும் அசையாத எலக்ட்ரோடு நல்ல எலக்ட்ரோடு அல்ல, செத்த எலக்ட்ரோடு. வெளியே எடுத்தபோது கூம்பின் ஓரத்தில் பச்சை படிந்திருந்தது.

சோதனை

செய்து முடித்த எலக்ட்ரோடுகளை ஓர் இரவு உப்புத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். விரிசல் இருந்தால் தண்ணீர் உள்ளே போக நேரம் கொடுக்க வேண்டும். மறுநாள் நுனியை மிக நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வடிநீரில் கழுவுங்கள். பழைய செய்முறைகளில் ராஜதிராவகத்தில் முக்கச் சொல்வார்கள். எப்பாக்ஸிக்கும் ஆகாது, உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது.

சோதனைக்கு குயின்ஹைட்ரோன் என்ற தூள் போதும், பிஎச் தெரிந்த கரைசலில் அதைக் கலந்தால் எத்தனை மில்லிவோல்ட் வர வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். பிஎச் 4 பஃபரில் (பிஎச் மாறாமல் நிற்கும் கரைசல்) கொஞ்சம், பிஎச் 7 பஃபரில் கொஞ்சம். எடை போட வேண்டாம்: கலக்கிய பிறகும் அடியில் கரையாத தூள் கொஞ்சம் நின்றால் சரி. 25 டிகிரியில், நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடு கொண்ட வெள்ளி–வெள்ளி குளோரைடு ரெஃபரன்ஸோடு (மீட்டரின் மறுமுனையில் மாட்டும், மின்னழுத்தம் மாறாத ஒப்பீட்டு எலக்ட்ரோடு) வைத்துப் பார்த்தால் பிஎச் 4-இல் 263 வாக்கிலும் பிஎச் 7-இல் 86 வாக்கிலும் வர வேண்டும். நான் முதலில் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. 177 வர வேண்டும். வித்தியாசம் சரியாக இருந்து, எல்லா எலக்ட்ரோடும் ஒரே அளவு தள்ளிக் காட்டினால் குற்றம் ரெஃபரன்ஸ் மேல். ஒன்று மட்டும் தள்ளிக் காட்டினால் குற்றம் அதன் மேல். 10 மில்லிவோல்ட்டுக்கு மேல் விலகினால் மீண்டும் தேய்த்துக் கழுவிப் பார்ப்பேன், அப்போதும் திருந்தாவிட்டால் எப்பாக்ஸியை உடைத்துப் பிளாட்டினத்தை மீட்டெடுப்பேன். கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள், சில மணி நேரத்தில் கெட்டுவிடும். கையுறை அவசியம், மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றாமல் வேதிக்கழிவோடு சேருங்கள்.

ரெஃபரன்ஸ்: எல்லாரும் மறக்கும் பாதி

மில்லிவோல்ட் என்பது இரண்டு பேருக்கு இடையிலான வித்தியாசம். பிளாட்டினத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுவோம், மறுபாதியான ரெஃபரன்ஸை ஓர் ஓரத்தில் செருகிவிட்டுப் போவோம். நானும் அப்படித்தான் செய்தேன்.

அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஒரு சேற்றில் ஒன்பது எலக்ட்ரோடுகளை வைத்திருந்தேன். ரெஃபரன்ஸையும் அதே சேற்றில் நேராகச் செருகியிருந்தேன். முதல் நாள் எல்லாம் ஒழுங்காக −150-க்குக் கீழே. பிறகு நாளுக்கு நாள் எண்கள் ஏறத் தொடங்கின. ஒன்பதும் ஏறின, கிட்டத்தட்ட ஒரே அளவு. ஏதோ வழியில் ஆக்சிஜன் புகுகிறது என்று நோட்டில் அழகாக விளக்கமும் எழுதினேன். நாற்றம் மட்டும் குறையவில்லை. மூக்கு ஒன்று சொல்கிறது, மீட்டர் வேறொன்று சொல்கிறது. கடைசியில் ரெஃபரன்ஸைப் பிடுங்கிப் பார்த்தால் உள்ளே வெள்ளிக் கம்பி கரியாகக் கறுத்திருந்தது. சல்பைடு நுண்துளை வழியே உள்ளே போய், வெள்ளி குளோரைடை வெள்ளி சல்பைடாக்கிவிட்டது. ரெஃபரன்ஸின் மின்னழுத்தம் கீழே இறங்க இறங்க, அதோடு ஒப்பிடப்பட்ட பிளாட்டினம் மேலே ஏறுவதுபோல் தெரிந்திருக்கிறது. மண்ணில் ஒரு மாற்றமும் இல்லை.

அன்றிலிருந்து உப்புப் பாலம் இல்லாமல் நான் அளப்பதில்லை. செய்வது எளிது: நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 3 சதவீதம் அகர் போட்டுக் காய்ச்சி, சூடாக இருக்கும்போதே ஒரு பிளாஸ்டிக் குழாயில் ஊற்றி உறைய விடுங்கள். குழாயின் கீழ்முனை மண்ணில் நிற்கும். மேல்முனையில் அகருக்கு மேல் கொஞ்சம் அதே கரைசலை ஊற்றி, அளக்கும்போது மட்டும் ரெஃபரன்ஸை அதில் முக்க வேண்டும். வேலை முடிந்ததும் ரெஃபரன்ஸைத் துடைத்து மூடியோடு பெட்டிக்குள் வைத்துவிடலாம். குழாய்க்கு மூடி போடுங்கள், நிழலில் வையுங்கள். அகர் காய்ந்து சுருங்கிவிட்டால் தொடர்பு அறுந்து, எண் கண்டபடி ஆடும். மண் ஈரமாக இருந்தால் சில மீட்டர் தூரத்தில் உள்ள எல்லா எலக்ட்ரோடுக்கும் ஒரு பாலமே போதும். பிளாட்டினத்துக்கு மிக அருகில் மட்டும் வேண்டாம், உப்பு கசிந்துகொண்டே இருக்கும்.

மீட்டர்

மல்டிமீட்டர் கதைக்கு வருகிறேன். சாதாரண மல்டிமீட்டரின் உள்மின்தடை 10 மெகாஓம். 300 மில்லிவோல்ட்டை அளக்கும்போது அது 30 நானோஆம்பியர் இழுக்கும். ஒன்றுமில்லாத அளவுதான். ஆனால் நம் பிளாட்டினம் நுனியின் பரப்பே 32 சதுர மில்லிமீட்டர். பல மண்ணில் அந்தச் சிறு மின்னோட்டத்தைத் தாங்கும் அளவுக்குக்கூட நுனியில் வினை நடப்பதில்லை. இணைத்ததும் எண் மெல்ல மெல்லச் சுழியத்தை நோக்கி ஊர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிஎச் மீட்டரை மில்லிவோல்ட் நிலையில் வையுங்கள், அதன் உள்மின்தடை லட்சம் கோடி ஓம் அளவில் இருக்கும். லாகர் (எண்களைத் தானே பதிந்துவைக்கும் கருவி) பயன்படுத்தினால் உள்மின்தடை எத்தனை என்று கையேட்டில் பார்த்துவிட்டு இணையுங்கள்.

பேட்டரியில் ஓடும் மீட்டரே நல்லது. மின்இணைப்போடு தரையிறக்கப்பட்ட கருவி என்றால் மண் வழியாகவே இன்னொரு சுற்று உண்டாகிவிடும். பிளாட்டினம் நேர்முனைக்கு, ரெஃபரன்ஸ் எதிர்முனைக்கு. மாற்றிப் போட்டால் குறி தலைகீழாகும். ஒருமுறை ஒரு நாள் முழுக்க அப்படி எழுதிவிட்டு, இரவில் எல்லாவற்றுக்கும் குறி மாற்றியிருக்கிறேன்.

மண்ணில் இறக்குவது

நுனியை நேராகக் குத்தாதீர்கள், பிளாட்டினம் வளையும், கூம்பு விரியும். எலக்ட்ரோடைவிடச் சற்று ஒல்லியான எஃகுக் கம்பியில் ஆழத்துக்கு நாடா ஒட்டிக்கொண்டு, 25 சென்டிமீட்டர் வேண்டுமென்றால் 23 வரை மட்டும் துளை போடுங்கள். கம்பியைச் சுழற்றாமல் நேராக உருவுங்கள். அதே ஆழத்து மண்ணைத் தண்ணீரில் குழைத்துத் துளைக்குள் கொஞ்சம் விட்டு, எலக்ட்ரோடை இறக்கி, கடைசி 2 சென்டிமீட்டரைக் கையழுத்தத்தில் மெதுவாகத் தள்ளுங்கள். கல் தட்டினால் வீரம் வேண்டாம், ஒரு சாண் தள்ளி வேறு துளை. மேலே, தண்டைச் சுற்றி பென்டோனைட் களிமண்ணை அப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் மழைநீர் தண்டை ஒட்டியே நேராக நுனிக்கு இறங்கி, ஆக்சிஜனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நீங்கள் அளப்பது மண்ணை அல்ல, நீங்கள் போட்ட துளையை.

இறக்கியதும் படிக்காதீர்கள். ஒரு நாளாவது விடுங்கள். மாதக்கணக்கில் வைக்கப்போகிறீர்கள் என்றால் முதல் வாரத்து எண்களைத் தனியாகக் குறித்து வையுங்கள், நான் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. படிக்கும்போது மீட்டரை இணைத்து, எண் நிற்கும்வரை பொறுத்து, எழுதிக்கொண்டு, உடனே கழற்றிவிடுங்கள். கையைக் கம்பி மேல் வைத்திருந்தால் கடைசி இலக்கங்கள் துள்ளும்.

மீட்டரில் தெரியும் எண்ணை அப்படியே எழுதுங்கள். திருத்தம் எல்லாம் வீட்டில். வயலில் நின்று மனக்கணக்காகத் திருத்தி எழுதிவிட்டு, வந்து மறுபடியும் ஒருமுறை திருத்தி, 199 மில்லிவோல்ட்டை இரண்டு தடவை கூட்டியவர்கள் உண்டு. யார் என்று கேட்காதீர்கள்.

கணக்கு இப்படி. ஈஎச் என்பது ஹைட்ரஜன் எலக்ட்ரோடைச் சுழியமாக வைத்துச் சொல்லும் எண், நம் ரெஃபரன்ஸ் அதற்கு மேலே நிற்பதால் அந்த வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும். மீட்டர் −301 காட்டுகிறது, ரெஃபரன்ஸ் நிறைவுற்ற கரைசல் வகை என்றால் 25 டிகிரியில் 199 கூட்ட வேண்டும்: ஈஎச் −102. 3 மோலார் கரைசல் வகை என்றால் 210. எந்த வகை என்று ரெஃபரன்ஸின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். கூடவே அதே ஆழத்து மண்ணின் பிஎச்சை அளந்தாக வேண்டும், பிஎச் இல்லாத ஈஎச் பாதி வாக்கியம் மாதிரி. நீர் தேங்கிய மண்ணை வரையறுக்க அமெரிக்காவில் பயன்படுத்தும் ஒரு கோடு எனக்குப் பிடிக்கும்: 595-இலிருந்து பிஎச்சின் 60 மடங்கைக் கழியுங்கள், உங்கள் ஈஎச் அதற்குக் கீழே இருந்தால் மண் ஒடுக்க நிலையில் (ஆக்சிஜன் தீர்ந்து, எலக்ட்ரான்களை வேறு பொருள்கள் வாங்கும் நிலையில்) இருக்கிறது. பிஎச் 6.5 என்றால் கோடு 205-இல். நம் −102 அதற்கு வெகு கீழே. சிலர் எல்லாவற்றையும் பிஎச் 7-க்கு மாற்றி எழுதுவார்கள், ஒரு பிஎச் அலகுக்கு 59 மில்லிவோல்ட் என்று. அது வசதிதான். ஆனால் இரும்பு ஹைட்ராக்சைடு கரையும் வினைக்கு அந்த விகிதம் 177. அதனால் மாற்றாத எண்ணையும் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

ஐந்தும் ஐந்து விதமாகச் சொன்னால்

சொல்லும். ஒரே ஆழத்தில், கையகலத்துக்குள் வைத்த ஐந்து எலக்ட்ரோடுகள் 100 மில்லிவோல்ட் விலகி நிற்பது சகஜம். புதிதாக வருபவர்கள் உடனே சராசரி எடுத்து, ஒத்துவராததைத் தூக்கி எறிவார்கள். தோண்டிப் பார்க்காமல் எதையும் எறியாதீர்கள் என்பேன்.

ஒரு முறை நான்கு −150 சுற்றி இருக்க, ஐந்தாவது +380 காட்டியது. குயின்ஹைட்ரோனில் தேறிய எலக்ட்ரோடுதான். ஆய்வு முடிந்ததும் அதைச் சுற்றி மண்ணைக் கத்தியால் துண்டாக வெட்டி எடுத்து, நீளவாக்கில் பிளந்தேன். மண் முழுக்கச் சாம்பல் நீலம். நடுவில் பென்சில் முனை அளவுக்கு ஒரு பழைய வேர்த்தடம், உள்ளே வேர் மக்கி வெறும் குழாயாகியிருந்தது. அதன் சுவரைச் சுற்றி 2 மில்லிமீட்டர் அகலத்தில் துருநிற வளையம். பிளாட்டினம் நுனி அந்தத் துருவுக்குள் நின்றது. மேலிருந்து அந்தக் குழாய் வழியே காற்று இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான்கும் உண்மை, ஐந்தாவதும் உண்மை. சராசரி எடுத்திருந்தால் −44 என்று அந்த மண்ணில் எங்குமே இல்லாத ஓர் எண் கிடைத்திருக்கும். இப்போதெல்லாம் நடு மதிப்பையும், மிகக் கீழ், மிக மேல் மதிப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வெளியே எடுத்த எலக்ட்ரோடுகளைக் கழுவுமுன் ஒரு முறை குயின்ஹைட்ரோனில் பாருங்கள், கழுவிய பின் இன்னொரு முறை. கழுவுமுன் தவறி, பின் தேறினால் நுனியில் படலம் படிந்திருக்கிறது, கடைசி நாட்களின் எண்களுக்கு ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கலாம். கழுவியும் தேறாவிட்டால் அந்த எலக்ட்ரோடின் தரவு முழுக்கச் சந்தேகத்துக்குரியது. எந்த நாளிலிருந்து கெட்டது என்று மற்றவற்றோடு ஒப்பிட்டுத் தேட வேண்டியதுதான்.

கம்பிகளில் எண் எழுத மார்க்கர் வேண்டாம், இரண்டு மழையில் அழிந்துவிடும். நான் ஒவ்வொரு கம்பியிலும் எண்ணிக்கைக்கு ஏற்ப வண்ண நாடா சுற்றுகிறேன்: ஆழத்துக்கு ஒரு நிறம், வரிசைக்கு அத்தனை சுற்று. தரையோடு கிடக்கும் கம்பியை எலி கடிக்கும், குழாய்க்குள் விட்டுத் தூக்கிக் கட்டுங்கள்.